பெயிண்ட் காயுதுங்க

வாடிக்கையாளர்களைச் சமூக வலைதளத்தில் ஒன்று சேர்ப்பது சுலபம். ஒரு மத்தியான நேரம் போதும். சேர்ந்தவர்களைப் பிரிப்பதுதான் முடியாத காரியம். நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. வாடிக்கையாளர்களே சங்கம் வைத்து முதலாளியை மேய்க்கிற பட்டறை எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பெருமை முழுக்க என்னைச் சேரும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். பட்டறை என் மாமனாருடையது. புது லாரி கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக, அதாவது சக்கரமும் இன்ஜினும் சட்டமுமாக வந்து சேரும். அதற்குக் கேபின் கட்டி, பாடி ஏற்றி, பெயிண்ட் அடித்து, பார்த்தால் லாரி என்று சொல்லும்படி ஆக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. அந்தப் பட்டறை ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பது என் ஆசை. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போக வேண்டும் என்பது அத்தையின் ஆசை. (சாயங்காலம் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடலாமாம். வந்து என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.)

நான் சேலம் அஸ்தம்பட்டியில் மூன்று வாரம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்தவள். சான்றிதழ்கூட உண்டு, லேமினேட் செய்தது. அந்தத் திமிரில் மாமாவிடம் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். கஸ்டமர் இனி நம்மைத் தேடி வரமாட்டார், நாம்தான் அவர் போனுக்குள் போய் உட்கார வேண்டும், ஒளிவுமறைவு இல்லாத தொழில்தான் நிற்கும் என்றெல்லாம் அடித்துவிட்டேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு மாசம் பண்ணிப் பாரு சாமி. செரியா வந்துச்சுன்னா ஆபீசுல உக்காரு. இல்லீன்னா உங்கத்தை சொல்றதக் கேளு."

ஒளிவுமறைவு என்ற சொல்லைக் கேட்டபோது அவர் முகம் லேசாக மாறியதை நான் கவனித்திருக்க வேண்டும். அப்போது பட்டறையில் ஏழு சேஸிஸ் நின்றன. ஏழு பேரிடமும் அவர், "உங்க வண்டிதானுங்க கையில இருக்குது" என்று சொல்லியிருந்தார். ஏழு பேருக்கும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெலிவரி. இது பொய்யே இல்லை என்பது அவர் கட்சி. லாரிக்காரர்கள் அவர் சொல்கிற தேதியோடு பதினைந்து நாளைத் தாமாகவே கூட்டிக்கொள்வார்கள். கூட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்து மாமா முன்கூட்டியே பதினைந்து நாளைக் கழித்துவிடுவார். முப்பது வருஷமாக இரண்டு தரப்பும் இப்படித்தான் மரியாதையாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் போய் விழுந்தேன்.

ஏழு பேரையும் சேர்த்து 'நம்ம பட்டறை சொந்தங்கள்' என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். முதல் மூன்று நாள் காலை வணக்கமும் ரோஜாப்பூவுமாக ஓடியது. நான்காம் நாள், ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போகிற ஒரு மத்தியானம், பேஸ்புக்கில் நேரலை போட்டு லிங்க்கைக் குழுவில் அனுப்பினேன். தலைப்பு: 'உங்க வண்டி இப்ப எந்த நிலையில இருக்கு?'

நேரலைக்கு மூன்று விதிகளை அஸ்தம்பட்டி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். சிரித்த முகமாக இரு. எல்லாவற்றையும் காட்டு. கமெண்டை உரக்கப் படி. மூன்றையும் ஒன்றுவிடாமல் செய்தேன். ஒவ்வொரு சேஸிஸிலும் சாக்பீஸால் எழுதியிருந்த பெயரைப் படித்துப் படித்துக் காட்டினேன். ஒரு வண்டிக்குத்தான் கேபின் பாதி ஏறியிருந்தது. மற்ற ஆறும் வந்த கோலத்திலேயே நின்றன. 'செல்வராசு, பள்ளிபாளையம்' என்று எழுதியிருந்ததன் மேல் பட்டறை ஆட்களின் லுங்கி நான்கும் துண்டு இரண்டும் காய்ந்துகொண்டிருந்தன.

அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே மாமா எனக்கு முதுகைக் காட்டி நின்று யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தார். நான் அதோடு திரும்பிப் போயிருக்கலாம். "எங்க மாமா ஒவ்வொரு கஸ்டமர்கிட்டயும் அவரே நேர்ல பேசுவாருங்க, கேளுங்க" என்று கிட்டப் போனேன்.

"பெயிண்ட் அடிச்சாச்சுங்க. காயுதுங்க. ஈரம் போயிருச்சுன்னா நாளைக்கு நம்பர் எழுதிர்லாமுங்க" என்றார் மாமா.

ஒரு கமெண்ட் வந்தது. விதிப்படி உரக்கப் படித்தேன்: "செல்வராசு சொல்றாருங்க. அந்த லைன்ல இருக்கறது நான்தானுங்க. ஊட்டுக்காரி போன்ல பாத்துட்டிருக்கறன். காயறது லுங்கியாட்டத் தெரியுதுங்க."

படித்து முடித்த பிறகுதான் எனக்கே அர்த்தம் புரிந்தது. மாமா திரும்பினார். அவர் காதில் போன் அப்படியே இருந்தது. பதறிப் போய் என் போனைத் துப்பட்டாவுக்குள் சுருட்டினேன், ஆனால் நேரலையை நிறுத்தவில்லை. (மூன்று வாரப் படிப்பில் ஆரம்பிக்கத்தான் சொல்லித் தந்தார்கள்.) அடுத்து மாமா என்னிடம், "இதையெல்லாம் யாராச்சும் பாப்பாங்களா சாமி?" என்று கேட்டதும், "எல்லாரும் பாப்பாங்க மாமா" என்று நான் அழுததும் உலகத்துக்கே கேட்டது.

சாயங்காலத்துக்குள் குழுவில் ரோஜாப்பூ நின்றுபோய், உங்களுக்கும் ஆவணி முதல் முகூர்த்தமா என்ற விசாரணை ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலை ஏழு பேரும் ஒரே வேன் பிடித்து வந்தார்கள். வழியில் ஒன்றாக டிபன் சாப்பிட்ட செல்ஃபியை எங்கள் குழுவிலேயே போட்டார்கள். நான்தான் அதற்கும் பழக்கதோஷத்தில் கைகூப்பு பொம்மை அனுப்பினேன்.

வந்தவர்களில் ஒருவர் உட்காரவேயில்லை. வேறு பட்டறையில் பேசிவிட்டதாகச் சொல்லி, டிராக்டர் வரவழைத்து சேஸிஸை இழுத்துக்கொண்டு போனார். இன்னும் இரண்டு பேர் அதே யோசனையில் நின்றார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். முப்பது வருஷம் தலைநிமிர்ந்து நின்ற மனிதரை நாலு நாளில் இப்படி நிற்க வைத்துவிட்டேன். நாற்காலி ஆசையெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

"தப்பு என்னோடதுங்க. மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது.

செல்வராசு அண்ணன் கடகடவென்று சிரித்தார். "நீ என்ன சாமி தப்புப் பண்ணுன? உண்மையத்தான காட்டுன. முப்பது வருசத்துல இந்தப் பட்டறையில மொதத் தடவ."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் மாமாவும் சிரித்தார், கொஞ்சம் அசடு வழிய. பிறகு ஆறு பேரும் டீயை வாங்கி வைத்துக்கொண்டு, யாருக்கு லோடு நிற்கிறது, யாருக்கு அவசரமில்லை என்று பேசி, வரிசையை அவர்களே போட்டுக்கொண்டார்கள். தைமாதம் மகள் கல்யாணம் இருப்பதால் அதற்கு முன்னால் கிடைத்தால் போதும் என்று செல்வராசு அண்ணன் கடைசி இடத்தை எடுத்துக்கொண்டார். வரிசை குழுவில் ஏறியது. தினமும் பத்து மணிக்குப் போட்டோ வர வேண்டும் என்று உத்தரவும் ஏறியது.

மாமா அன்றைக்கே ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். "இனி இவங்களுக்கு நீயே பதில் சொல்லு சாமி" என்றார். பரிசு என்று நினைத்து உட்கார்ந்தேன். தண்டனை என்று ஒரு வாரத்தில் புரிந்தது.

எங்கள் வீட்டில் இப்போது இன்னும் தொடங்காத எந்த வேலைக்கும் பெயர் 'பெயிண்ட் காயுது'. குழம்பு ஆயிற்றா என்று அத்தையைக் கேட்டால், வெங்காயத்தை உரித்துக்கொண்டே, "பெயிண்ட் காயுது" என்பார்.

தைமாதம் செல்வராசு அண்ணன் மகள் முகூர்த்தத்தன்று, எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் எங்களைக் குழுவில் கேட்டார். "வந்துட்டே இருக்கறமுங்க, பள்ளிபாளையம் கிட்ட வந்தாச்சுங்க" என்று பதில் போட்டேன். கல்யாண வீட்டு வேலைக்கு நடுவிலும் அந்த மனிதர் உடனே எழுதினார்: "லைவ் போடு சாமி."

அப்போது நான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஈரத் தலையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கொடியில் மாமாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.