பத்திரமான இடம்

மூன்றாவது முறையாகச் சரக்குப் பட்டியல் காணாமல் போயிருந்தது. துறைமுகத் தெருவான வெல்ட் கீயில் கப்பல் சரக்கு அனுப்பும் ஆபீஸ் அது. முதலாளி காஜா மொய்தீன் குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, இன்னொரு தடவ காணாமப் போச்சுன்னா, கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு நீங்களும் கெளம்பிருங்க."

அந்த ஆபீசுக்குப் புரோகிராம் எழுதியவன் கதிர்காமநாதன். இந்த ஒரே வாடிக்கையாளரை நம்பித்தான் அரசாங்க வேலையை விட்டிருந்தான். ஆனாலும் தப்பு தன் பக்கம் இருக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. தன் மேல் அவனுக்கு அவ்வளவு மரியாதை.

தப்பெல்லாம் பட்டியலை அடிக்கும் கிராணி தனலெட்சுமி மேல்தான். எங்கே சேமிப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டால், போயும் போயும் 'டெம்ப்' என்கிற குப்பை மூலையில் வைப்பாளா? அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவுவார்கள். அதே பழக்கத்தில் அவன் கம்ப்யூட்டரையும் வெள்ளிக்கிழமைகளில் சுத்தம் செய்வான். பட்டியல் குப்பையோடு போனது. அந்த மூலையை அவள் தேர்ந்தெடுக்க முடியாதபடி பூட்டினான்.

அவள் பிளாப்பிக்குத் தாவினாள். அடுத்த வெள்ளி, மேசையில் பெயரில்லாமல் கிடந்த அந்தப் பிளாப்பியை அவன் அழித்துத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டான். பிளாப்பிக்கும் பூட்டு. பிறகு கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். ஆபீசில் என்ன ஆட்டம் என்று அவன் ஆட்டத்தை ஒழித்ததில் பட்டியலும் ஒழிந்தது.

இந்த முறை ஒரே ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பூட்டினான். அதற்குத் தன் பெயரையே வைத்தான்: 'கதிர்'. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த முதலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தனலெட்சுமியைப் பட்டியலைச் சேமிக்கச் சொன்னான்.

அவள் எதை எதையோ அடித்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் 'ஆபத்தான இடம்' என்றே திரை பதில் சொன்னது. கதிர்காமநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. இனி யாராலும் தப்பான இடத்தில் வைக்க முடியாது என்று முதலாளியிடம் சொன்னான். முதலாளி ஏனோ சிரிக்கவில்லை.

"கதிர்னு அடிமா. அதான் பத்திரம்," என்றான் கதிர்காமநாதன்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே," என்றாள் தனலெட்சுமி. "உங்க கை படாத எடமா பாத்து வைன்னு மொதல் வாரமே முதலாளி சொல்லிட்டாரு. இப்ப அப்படி ஒரு எடமே இல்லாமப் பண்ணிட்டீங்களே லா."