பிரேயருக்கு ஒரு சைரன்

மாணவர் ஒழுங்கைப் பற்றி நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஆய்வேடு எழுதியவன் நான். என் கட்டைவிரல் ஒன்றினாலேயே ஒரு பள்ளிக்கூடத்தையும் இரண்டு பட்டாசுக் கம்பெனிகளையும் ஒரே காலையில் காலி செய்தவனும் நானே. முதல் செய்தியை மட்டும் வெளியே சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஆய்வேட்டின் தலைப்பு, 'உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் ஒழுங்கைத் தீர்மானிக்கும் பள்ளிசார் காரணிகள்.' (ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்குப் பாதிப் பட்டம் கொடுக்கலாம்.) தலைமையாசிரியரின் ஆளுமை, வகுப்பின் அளவு, மணியின் ஒலி என்றெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாகப் பிளந்து கட்டிவிட்டு, வீட்டைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தேன்: 'தொழிலாளர் குடும்பங்களில் ஒழுங்குப் பயிற்சி இல்லை.' அதுவரை எந்தத் தொழிலாளர் வீட்டிலும் நான் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

காரியாபட்டிக்காரனான எனக்கு வேலை கிடைத்தது சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில். சேர்ந்த மாதமே ஒழுங்குக் குழுவின் பொறுப்பாளன் ஆனேன். (குழுவில் வேறு ஆள் கிடையாது.) பிள்ளைகள் பிரேயருக்கு வருவது சந்தை கலைவதுபோல இருக்கும். அதிலும் ஒன்பதாம் வகுப்பு பாண்டிச்செல்வி தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வருவாள். வந்ததும் பேச ஆரம்பிப்பாள். ஒரு நாளில் நான் அதிகம் சொன்ன வார்த்தை "பேசாதே" என்பதுதான். அதில் முக்கால்வாசி அவளுக்கே போய்ச் சேர்ந்தது.

"ஏம்மா லேட்டு?"

"அம்மா கம்பெனி வேனுக்கு விடியவே போயிருவாங்க சார். சோறு பொங்கி, தங்கச்சிக்குத் தலை சீவி, தண்ணி புடிச்சு…"

"காரணம் கேட்கலை!" என்றேன். (கேட்டது நான்தான்.)

மேலதிகாரி ஆய்வுக்கு வரும் தேதி தெரிந்ததும் தலைமையாசிரியையிடம் போய், ஒழுங்கைக் கெடுக்கும் இவளுக்கு டி.சி. கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். டீச்சர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டி.சி. வாங்குனா இந்தப் பிள்ளை வேற பள்ளிக்கூடம் போகாது சார். நேரா கம்பெனிக்குத்தான் போகும். ஆய்வு முடியட்டும், பார்ப்போம்" என்று மேஜை டிராயரில் வைத்தார்.

கிடைத்த இடைவெளியில் என் மூளை வேலை செய்தது. எங்கள் மணி, வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அது அடித்தால் வேப்பமரத்துக்கே கேட்காது. பள்ளிசார் காரணி அகப்பட்டுவிட்டது! சாத்தூரில் மூடிக் கிடந்த ஒரு மில்லின் பழைய சைரனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடியில் மாட்டினேன். அதிகாரி அசந்துபோக வேண்டும் என்று டீச்சரிடம்கூட மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அலுவலக அறையில் நின்று சுவிட்சை அமுக்கினேன்.

பட்டாசு ஊரில் சைரனுக்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ கம்பெனி வெடித்துவிட்டது. அது எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் அந்த நொடிவரை உறைக்கவில்லை.

பதறி மறுபடி அமுக்கினேன். சுவிட்ச் உள்ளேயே சிக்கிக்கொண்டது. சைரன் அலறிக்கொண்டே இருக்க, ஜன்னல் வழியே பார்த்தேன். அன்று பார்த்ததை இன்றுவரை நான் மறக்கவில்லை.

ஒரு பிள்ளை கத்தவில்லை. ஒரு பெஞ்சு இழுபடவில்லை. பைகளை அப்படியப்படியே போட்டுவிட்டு, நாலு நாலு பேராக வெளியே வந்தார்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கையில் பிடித்திருந்தார்கள். முன்னால் வந்த பாண்டிச்செல்வி (ஆய்வு என்பதால் அன்று மட்டும் நேரத்துக்கு வந்திருந்தாள்) குனிந்து ஒரு பிடி மண் எடுத்துத் தூவிப் பார்த்தாள். "காத்து கெழக்கயிருந்து வருது, புகை மேக்க போயிரும்! கெழக்க போங்க! ஓடாதீக, நடங்க!" அத்தனை கூட்டமும் தண்ணீர் வாய்க்காலில் திரும்புவதுபோல மைதானத்தின் கிழக்கு மூலைக்குத் திரும்பியது. ஒரு குட்டிப் பெண் அதிகாரியின் விரலைப் பிடித்து, "வாங்க தாத்தா" என்று கூட்டிப்போனாள். அவரும் போனார்.

அங்கே தலை எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் பாண்டிச்செல்வி கட்டிடத்தை நோக்கித் திரும்பி வந்தாள். வாசலில் யாரோ கத்தித் தடுத்ததும், அவள் கத்திச் சொன்ன பதிலும் சைரனை மீறி எனக்குக் கேட்டன.

"சார் ஒருத்தர் குறையுதாரு."

உள்ளே நுழைந்தவள் முதலில் மெயினை இறக்கினாள். சைரன் முனகி அடங்கியது. நான் வாயைத் திறந்தேன். "இல்லம்மா, அது வந்து… நான்தான்…"

"பேசாதீக சார்" என்றாள். என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். 

அதற்குள் பக்கத்து இரண்டு கம்பெனிகளிலிருந்தும் தாய்மார்கள் வந்துவிட்டார்கள். வேனில், லோடு ஆட்டோவில், பாதிப் பேர் காட்டுவழியே ஓட்டமாக. அலுமினியத் தூள் படிந்த கைகள் வெள்ளியாய் மின்ன, பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி வந்தவர்கள், வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். பிறகு ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த மைதானத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் ஒழுங்கு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கலாமா என்றிருந்தது எனக்கு.

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். "மணிக்குப் பதிலா… நான்தான் மாட்டினேன்."

பாண்டிச்செல்வியின் அம்மா முன்னால் வந்தார். மூச்சு இன்னும் இரைத்தது. "எம் மவளுக்கு டி.சி. குடுக்கணும்னு எழுதிக் குடுத்த சாரு நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அவளை அனுப்பிச்சுட்டா, அடுத்த தடவை உங்களை யாரு வெளிய இழுத்துட்டு வருவாக?"

தலைமையாசிரியை விறுவிறுவென்று உள்ளே போய் டிராயரிலிருந்து அந்தத் தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எல்லார் முன்னாலும் கிழித்தேன். அதிகாரி தன் குறிப்பேட்டில், 'மாணவர் ஒழுங்கு மிக நன்று; ஆசிரியருக்குப் பயிற்சி தேவை' என்று எழுதிவிட்டுப் போனார். நூற்றுச் சொச்சம் பக்கத்தில் நான் சொல்ல முடியாததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என் மனைவி, "ஏங்க, மண்ணைத் தூவிப் பார்த்துட்டு வெளிய போங்க" என்பாள். பழகிவிட்டது.

பழகாதது இன்னொன்று. அன்று சாயங்காலம் பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "எம்மா, இவ்வளவு ஒழுங்கா வரத் தெரிஞ்சவங்க, தினம் பிரேயருக்கு மட்டும் ஏம்மா அப்படி வர்றீங்க?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இது முக்கியமான விசயம்னு நெனச்சோம் சார். பிரேயருக்குன்னு தெரிஞ்சிருந்தா மெதுவாத்தான் வந்திருப்போம்."