மைத்துனருக்காகக் கழன்ற சக்கரம்

தெருவில் அவருக்கு ஜீப்காரர் என்று பெயர். வாரம் முழுக்க ஆபீசில் நாற்காலி தேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால், பாறையிலும் சேற்றிலும் ஏறுவதற்கென்றே வாங்கிய நாலு சக்கரமும் இழுக்கும் தன் பழைய ஜீப்பின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வீர சிகாமணியாக நிற்பார். வண்டி பாறையில் ஏறியது ஒரே ஒரு தடவை. அதுவும் பிரேக் பிடிக்காமல்.

நிஜத்தில் அதை ஓட்டியது அவர் மனைவிதான். காய்கறிக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் அவள்தான் போய் வருவாள். வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறுகிறது என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடுவது ரோடுதான், வண்டி இல்லை என்பது அவர் தீர்ப்பு. அவர் ஓட்டும்போதும் ஆடத்தான் செய்தது. ஆனால் தன் வண்டியின் குறையை மனைவி கண்டுபிடித்து, தான் ஒப்புக்கொள்வதா?

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் சட்டைக்குப் பட்டன் போடும் நேரம் பார்த்து அவள் சொன்னாள். "ஏங்க, அண்ணன் ஞாயித்துக்கிழமை வீடு மாத்தறான். சாமான் ஏத்த நம்ம வண்டி வேணுமாம். நீங்களும்."

மைத்துனர் நல்ல மனிதர்தான். ஆனால் தோளில் கை போட்டு "மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தால், பேச்சு முடியும்போது நம் முதுகில் ஒரு பீரோ இருக்கும். அதற்குப் பயந்து ஜீப்காரர் அந்த வீட்டுப் பக்கம் போயே வருஷக்கணக்காகிறது.

"வண்டி போகாதே" என்றார் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு. "முன் சக்கரத்துல நக்கிள் பேரிங் போயிடுச்சு."

"அப்படின்னா?"

"சக்கரம் திரும்பற மூட்டு. அதுல மேல ஒரு பேரிங், கீழ ஒரு பேரிங். தேஞ்சா ஸ்டீயரிங் ஆடும்."

"நேத்து வரைக்கும் ரோடுதானே ஆடிச்சு?"

"ரோடு ஆடி ஆடித்தான் பேரிங் போச்சு."

சொன்னால் திரும்பாத மனுஷனுக்கும் அந்த மாதிரி ஒரு பேரிங் கிடைக்குமா என்று அவள் கேட்டதுபோல் இருந்தது. மிக்ஸி சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. அண்ணன் வாய்வார்த்தையை நம்ப மாட்டான், நேரில் வந்து பார்ப்பான் என்று மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, முகத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசி உட்கார்ந்துவிடலாம் என்பது அவர் திட்டம். அப்படியே அவர் சக்கரத்தைக் கழற்றியதும், அவள் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு எதிரே உட்கார்ந்தாள். சக்கரம் மட்டும் கழன்றிருந்தால் பஞ்சர் என்று நினைத்துவிடுவானே என்றாள். பிரேக்கைக் கழற்றினார். பிரேக் வேலை என்று நினைப்பானே என்றாள். ஹப் வந்தது, ஷாஃப்ட் வந்தது, கடைசியில் மூட்டே கையோடு வந்துவிட்டது. கீழே இருந்த பேரிங் அவர் மடியில் உதிர்ந்தது.

உதிர்ந்தது என்றால் நிஜமாகவே உதிர்ந்தது. கிரீஸ் காய்ந்து மண்ணாகியிருந்தது. உருளைகளில் துரு. ஓர் ஓரம் உடைந்தே போயிருந்தது. போன வாரம்கூட மகளை உட்காரவைத்துக்கொண்டு அவள் மேம்பாலத்தில் போனாள்.

"நிஜமாவே போயிருக்கு" என்றார். பொய் சொன்னவன் வாயிலிருந்து வரக்கூடாத வாக்கியம்.

அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் இருக்காதே என்று அவர் புலம்ப ஆரம்பித்ததும் உள்ளே போய், பாத்திர அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துவந்தாள். புது பேரிங், சீல், ஒரு டப்பா கிரீஸ், எல்லாம் இருந்தது.

"பழசைவிட உசத்தி ரகமாம். ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து வாங்கிட்டேன்."

"எப்ப வாங்கின?"

"போன மாசம். ஸ்டீயரிங் உதறுதுன்னு சொன்னதும் கடைக்காரரே இதைத்தான் எடுத்துக் கொடுத்தார்."

அன்று முழுவதும் இரண்டு பக்கமும், பேரிங் உட்கார்ந்திருந்த பழைய வளையங்களைத் தட்டி எடுத்தார். பாதி அடி வளையத்தில், மீதி கட்டைவிரலில். புதியதில் கிரீஸ் திணித்துப் பொருத்தினார். மூட்டு அளவான இறுக்கத்தோடு திரும்புகிறதா என்று மாட்டி இழுத்துப் பார்க்க, அவள் காய் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கொடுத்தாள். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு அவளே ஒரு சுற்றுப் போய் வந்தாள். வேகத்தடையில் ஸ்டீயரிங் அசையவில்லையாம்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. "உங்க அண்ணன் வரவே இல்லையே?"

"எதுக்கு?"

"வீடு மாத்தறதுக்கு."

"சொந்த வீடு கட்டிக் குடிபோனவன் எங்கங்க மாத்துவான்? ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே, சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாள். அவள் சித்தப்பா அடுத்த வாரம் வந்து ஒரு மாசம் தங்கப்போகிறாராம். குழாய் கழன்று கிடக்கிறது, வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டாள்.

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாஷரை எந்த அலமாரியில வாங்கி வச்சிருக்க?"