பெண்ணையாற்றில் நான் விட்ட வெள்ளம்

இந்த ஆண்டு மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்குப் போவதே இல்லை என்று உறுதி பூண்டேன். அது என் மனைவி நிர்மலாவின் பிறந்த ஊர். அவளுடைய சின்னம்மா காசியம்மாள் ஆண்டுதோறும் ஆற்றுமணலில் கடை விரித்துச் சுருளிக்கிழங்கு விற்பார். மூட்டை தூக்குபவன் நான். மாப்பிள்ளை என்னும் பதவிக்கு அங்கே வேறு பொருள் இல்லை.

மறுத்துச் சொல்லும் துணிவு என்னிடம் இல்லை, கைப்பேசி இருந்தது. எப்போதோ வந்த வெள்ளப் படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். 'பெண்ணையாற்றில் திடீர் வெள்ளம். நாளை மறுநாள் திருவிழா இல்லை. உடனே பகிரவும்' என்று எழுதி, அவளுடைய உறவினர் குழுவில் போட்டேன்.

"இன்னாங்க இது? தை மாசத்துல வெள்ளமா?" என்றாள் நிர்மலா.

"மேல மழையாம்."

"எந்த மேல?"

"ரொம்ப மேல."

"நம்ம கச்சிராயபாளையத்துல ஒரு தூறல்கூட இல்லியே! சரி உடுங்க, போவ வாணாம்."

போரில் வென்ற மன்னனைப்போல் உறங்கினேன்.

விடிந்ததும் என் வெள்ளம் என்னிடமே திரும்பி வந்தது. உரக்கடைக் குழுவில் ஆறு கரையை உடைத்திருந்தது. கரும்பு விவசாயிகள் குழுவில் முதலையும் சேர்ந்திருந்தது. நிர்மலாவின் கைப்பேசியில் காசியம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"மூட்ட மூட்டயா கெழங்க வூட்டுல எறக்கி வெச்சிக்கினு ஒக்காந்துகினு கீறேன்டி! ஒரு சனமும் வராதாம். எல்லாம் அழுவிப் பூடுமே!"

"அது பொய்யா இருக்கலாம்..." என்று முனகினேன்.

நிர்மலா என் பக்கம் திரும்பினாள். "தெரியும். அந்தப் படத்துல ஆட்டத் தோள்ல தூக்கிக்கினு நிக்கிறது எங்க அண்ணன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான்தான உங்களுக்கு அனுப்பினேன்!"

"அப்ப குரூப்புல சொல்றதுதானே?"

"நேத்தே சொன்னேன். 'மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்'ன்றாங்க. உங்க பேச்சுக்கு அம்மாம் மதிப்பு! நீங்களே ஆத்துல நின்னு சொன்னாத்தான் நம்புவாங்க. கெளம்புங்க."

"திருவிழா நாளைக்குத்தானே?"

"அதான் இன்னிக்கே கெளம்புங்கன்றேன்."

ஒரு நாள் போக மறுத்தவன் இரண்டு நாள் போனேன். கணுக்கால்கூட முழுதாக நனையாத தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றேன். குழுவில் போட நிர்மலா காணொளி எடுக்க, நான் பேசினேன்: "நான் அனுப்புனது பழைய படம். விசாரிக்காம இல்ல, வேணும்னேதான் போட்டேன். தப்பு என்மேல. வெள்ளம் இல்ல, முதலையும் இல்ல. எல்லாரும் வாங்க!"

வந்தார்கள். மறுநாள் மணல் தெரியாத அளவுக்கு வந்தார்கள். என்னைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்து, சிரித்துவிட்டுக் கிழங்கும் வாங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் மூட்டைகள் காலி. காசியம்மாள் கடைசிக் கிழங்கை அவித்து, தோலுரித்து என் கையில் வைத்தார். "சாப்புடுங்க மாப்ள" என்றார். அதைவிடச் சுவையான தண்டனையை நான் உண்டதில்லை.

திரும்பும் பேருந்தில் நிர்மலாவிடம் பெருமிதத்தோடு அறிவித்தேன்: "இனிமே நேர்ல பாக்காம எதையும் பகிர மாட்டேன்."

"அதத்தான் குரூப்புல போட்டுட்டேன்" என்று திரையைக் காட்டினாள்.

'இனி நம் சொந்தங்களின் எல்லாத் திருவிழாவுக்கும் இவரே ஒரு நாள் முன்னதாகச் சென்று, நேரில் பார்த்து உறுதி செய்வார். மூட்டையும் தூக்குவார்.'

அதற்குள் என் மாமியார் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.