எனக்கு இலக்கணம் கற்றுக்கொண்ட ஆசான்

1983ஆம் ஆண்டு அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. அன்று, டென்னசி மாநிலத்துக் கோல்டர் கிரீக் என்னும் சிற்றூரில், ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஹோரஸ் டில்லார்டுக்கு ஒரு மாபெரும் அநீதி இழைக்கப்பட்டது.

அவருடைய பழைய மாணவனும் 'கன்ட்ரி' என்னும் நாட்டுப்புற இசைப் பாடகனுமான லோனி பிராக், தன் பாடல்களையெல்லாம் திரட்டி ஒரே இசைத்தட்டாக வெளியிட்டிருந்தான். அது அநீதியன்று. உறையின் பின்புறத்தில் இப்படி அச்சிட்டிருந்ததே அநீதி:

"எனக்கு இலக்கணம் கற்றுக்கொண்ட ஆசான் ஹோரஸ் டில்லார்டுக்கு இது காணிக்கை."

"கொண்ட இல்ல, கொடுத்த! கற்றுக்கொடுத்த!" என்று சமையலறையே அதிரக் கத்தினார் டில்லார்ட். "காலமெல்லாம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினதுக்கு இதுவா பலன்? என் பேருக்குப் பக்கத்துலயே பிழை! படிக்கிறவன் என்னைப் பத்தி என்ன நெனைப்பான்?"

அவர் மனைவி எடித் சோளரொட்டியை வெட்டுவதை நிறுத்தவில்லை. "பையன் பாசமா எழுதியிருக்கான். அதைப் பாருங்க."

"பாசத்துக்காக வினைச்சொல்லைக் கொல்லலாமா?"

"நான் எழுதின மொத காதல் கடுதாசியையே செவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பின ஆளு நீங்க. உங்ககிட்டப் போய்ச் சொல்றேன் பாருங்க!"

ஊரார் கண்ணில் அந்த வரி படுவதற்குள் அதை ஒழித்துவிடுவது என்று டில்லார்ட் முடிவு செய்தார். மாட்டுத்தீவனம், ஆணி, இசைத்தட்டு ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் வில்மாவின் கடைக்குச் சென்றார்.

"லோனியோட ரெக்கார்டு எல்லாத்தையும் எடு."

"எல்லாத்தையுமா?" வில்மாவுக்கு வாயெல்லாம் பல். "புண்ணியமாப் போச்சு சார்! அவனோட போன ரெக்கார்டு இன்னும் ஆணி டப்பாவுக்குப் பின்னாலதான் கெடக்கு. இதுவும் போகலைன்னா வேற வேலை பாத்துக்கோன்னு ரெக்கார்டுக் கம்பெனிக்காரன் அவன்கிட்டச் சொல்லிட்டானாம்."

அத்தனையையும் வாங்கிக் கொட்டகையில் வைக்கோலுக்கடியில் புதைத்துவிட்டு, அன்று நிம்மதியாக உறங்கினார். மறுவாரம் கடைக்குப் போனால், வாசலிலேயே ஆளுயரத்துக்கு அதே இசைத்தட்டு அடுக்கப்பட்டிருந்தது.

"இதென்ன அக்கிரமம் வில்மா?"

"எல்லாம் உங்க கைராசி சார்! டில்லார்ட் சாரே மொத்தமா அள்ளிட்டுப் போனார்னு சொன்னேன். பாட்டுன்னாலே முகஞ்சுளிக்கிற மனுஷன் வாங்கினா அதுல ஏதோ இருக்கணும்னு ஊரே கேக்குது. நாஷ்வில்லுல இருக்குற கம்பெனிக்குப் போன் போட்டு லாரியில எறக்கிட்டேன்."

இனி மறைத்துப் பயனில்லை, மறுப்புரைதான் வழி. உள்ளூர் வானொலி நிலையத்துக்கு விரைந்தார். அறிவிப்பாளர் பட் டாக்கெட் ஒலிவாங்கியை அவர்முன் தள்ளினான்.

"சொல்லுங்க சார், அந்த உறையில அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

"அதை என் வாயால் சொல்ல மாட்டேன். சொன்னால் நாக்கு அழுகிவிடும்!"

"கேட்டீங்களா மக்களே! சார் சொல்லவே கூசுற சமாச்சாரமாம். புள்ளைங்க தூங்கினப்புறம் எடுத்துப் படிங்க!"

மறுநாள் காலையில் பாப்டிஸ்டு திருச்சபைப் பாதிரியாரே, "பாவம் எந்த அளவுக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கண்டிக்க முடியும்?" என்று சொல்லி ஒன்றுக்கு இரண்டாக வாங்கிச் சென்றார்.

டில்லார்டுக்கு ஒரே ஒரு வழி எஞ்சியிருந்தது. வில்மாவின் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு, சிவப்பு மைப் பேனாவுடன் அமர்ந்தார். விற்கும் ஒவ்வோர் உறையிலும் "கொண்ட" என்பதை அடித்துக் "கொடுத்த" என்று எழுதினார். போகிற போக்கில், "நாய்கள் குரைத்தது, அவள் போயின" என்ற பாடலின் தலைப்பையும் திருத்தினார்.

வரிசை தபால் நிலையம்வரை நீண்டது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"சார், பக்கத்துல ஒரு முட்டை மார்க்கும் போடுங்க," என்றான் பண்ணைக்காரன் ஒருவன். "பள்ளிக்கூடத்துல வாங்கினது தொலைஞ்சுபோச்சு."

"உனக்கு அது தொலையவே தொலையாதுடா!" என்றார் டில்லார்ட்.

சிவப்பு மை படாத தட்டை முதலில் எவரும் சீந்தவில்லை. பிறகோ, திருத்தியதை வாங்கியவர்கள், திருத்தாதது எப்படியிருக்கும் என்று பார்க்க இன்னொன்றும் வாங்கினார்கள். நாஷ்வில் செய்தித்தாள் அவருடைய படத்தைப் போட்டது. கிறிஸ்துமஸ் நெருங்குகையில், நாட்டிலேயே மிகுதியாக விற்கும் இசைத்தட்டு அதுதான் என்று பட் டாக்கெட் வானொலியில் அலறினான்.

அன்று மாலை, துணி போர்த்திய தட்டு நிறைய பிஸ்கட்டுடன் வந்து நின்றாள் லோனியின் தாய் ஓப்பல். டில்லார்டின் விரல்களெல்லாம் மையால் சிவந்திருந்தன.

"ஓப்பல், நீயே சொல்லும்மா. உன் மகனை மூணு வருஷம் என் வகுப்புல உக்கார வெச்சேன். 'கற்றுக்கொடுத்த'ன்னு எழுதக்கூடவா அவனுக்குத் தெரியலை? நான் தோத்துட்டேனா?"

"ஐயையோ, யாரு சொன்னா?" ஓப்பல் பதறிப்போனாள். "மொதல்ல சரியாத்தான் எழுதினான் சார். போன ரெக்கார்டைப் பாதிரியாருக்குக் காணிக்கை பண்ணி ஒருத்தரும் சீந்தலையேன்னு ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம், 'அம்மா, ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் மாத்திடறேன். மிச்சத்தை டில்லார்ட் சாரே வித்துக் குடுத்துருவார்'னுட்டான்!"

வாசகர்களே! அந்த இசைத்தட்டு ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்குமாயின், உறையிலுள்ள பிழையை இன்றே திருத்துங்கள். திருத்துவதற்கென்று புதிதாக ஒன்றை வாங்கித் தொலைக்காதீர்கள்!