மாரக்காளின் ஜன்னல் முற்றுகை

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பிள்ளையைப் பெறத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகத்தான் தெரியவில்லை. வாத்தியார் என்ன, பிள்ளையைத் தின்றுவிடப் போகிறாரா? கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது போர்க்கதை.

வாழி ஞானமேரி! சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை ஈன்ற செல்வி, இருபத்திரண்டே அகவையள், சாக்குக்கட்டி ஏந்திய செங்கையள், மொடமொடக்கும் கஞ்சிச்சேலையே கவசமாய்க் குமாரபாளையத்து ஒன்றாம் வகுப்பெனும் களத்துக்கு ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஜூன் மாதம் முதன்முதலாக எழுந்தருளிய வீராங்கனை, வாழி!

அவளை எதிர்த்தவர் யார்? முப்பத்திரண்டு மழலையரா? இல்லை. அவர்கள் பத்தே நிமிடத்தில் பணிந்தார்கள். ஏனைய தாய்மாரும் தறிக்குத் திரும்பிவிட்டார்கள். மகள் பெரியநாயகியைப் பிரியமாட்டாமல், பாவுநூல் சுற்றிப் பாறையான தோளாள், தறியில் ஓடும் நாடாவென உருளும் விழியாள், மாரக்காள் ஒருத்தி மட்டும் ஜன்னல் கம்பி இரண்டைப் பகைவன் குடுமியெனப் பற்றி நின்றாள். "என்ற சாமி, பசிக்குதா கண்ணு?" என்று அவள் முழங்க, பெரியநாயகி தேம்ப, அதைக் கண்டு அடுத்தவன் அலற, ஆடிக் காவிரி பாலத்தூணில் மோதுவதுபோல் முப்பத்திரண்டு தொண்டையும் ஆர்ப்பரித்தன.

தலைமையாசிரியர் பாலசுந்தரம் பிரம்போடு வாசலில் தோன்றிப் பிரகடனம் செய்தார்: "ரெண்டாம் மணிக்குள்ள சத்தம் அடங்கோணும் டீச்சர். இல்லீன்னா நான் வருவேன். நான் வந்தா இதுவும் வரும்."

இரண்டாம் மணி அடிக்க இருந்தது கால்மணி நேரம். முதல் நாளே பிரம்பைக் கண்ட பிள்ளைகளில் பாதி மறுநாள் வராது என்று ஞானமேரிக்குத் தெரியும்.

முதற்கணை தொடுத்தாள். "வீட்டுக்குப் போங்கம்மா. குழந்தையை நான் பார்த்துக்கறேன்."

"நீங்களும் பாருங்க, நானும் பாக்கறனுங்க. ரெண்டு பேரு பாத்தா நல்லதுதானுங்களே?"

கணை முறிந்தது. ஜன்னலைச் சாத்தினாள், மாரக்காள் மறு ஜன்னலில் உதித்தாள். டீச்சர் யானைக் கதை சொன்னாள், பிள்ளைகள் அடங்கிய நொடியில், "அப்புறம் ஆனை என்னாச்சுங்க?" என்று ஜன்னல் கேட்டது. தாயின் குரல் கேட்ட மகள் மறுபடி தேம்பினாள்.

களைத்த வீராங்கனை, "சரி, உள்ளே வந்து உட்காருங்க" என்றாள். மாரக்காள் வெற்றிவேந்தெனப் புகுந்து பலகையில் அமர்ந்தாள். வகுப்பில் உட்காரும் பெரியவர் பேரை எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். வேறெதுவும் நினைக்காமல் ஞானமேரி பதிவேட்டைத் திறந்தாள்.

"பேர்?"

"மாரக்காளுங்க."

"வீட்டுக்காரர் பேர்?"

அந்தோ! ஊரே கூவி அழைக்கும் பேர். கட்டியவள் வாயில் மட்டும் பத்தாண்டாய் ஏறாத பேர்! பாறைத்தோள் தளர்ந்தது. உருளும் விழி தரை பார்த்தது.

"அவருதானுங்க."

"எவர்?"

"எங்கூட்டுக்காரருங்க."

"அவர் பேர்தான் என்ன?"

"அதெப்படிங்க நான் சொல்றது!"

பட்டணத்துப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓங்கிய பேனா ஓங்கியபடி நின்றது. பெரியவள் ஒருத்தி பதில் தெரியாமல் விழிப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ட முப்பத்திரண்டு வாய்களும் அழுகையை மறந்து பிளந்தன. அப்போது எழுந்தாள் பெரியநாயகி.

"எனக்குத் தெரியும் டீச்சர்! காளியண்ணன்!"

"அடி கழுதை! அப்பன் பேரை இப்படியாடி சொல்லுவ?" முந்தானையால் முகத்தை மூடிய மாரக்காள், வில்லிலிருந்து விடுபட்ட அம்பெனப் பாய்ந்து, தன் தறிக்குழியில் இறங்கும்வரை நிற்கவில்லை. வகுப்பு சிரித்தது, பெரியநாயகியும் சிரித்தாள். இரண்டாம் மணி அடித்தது. வாசலுக்கு வந்த பாலசுந்தரம் பிரம்பை அக்குளில் செருகிக்கொண்டு திரும்பினார்.

டீச்சர் ஜெயித்துவிட்டாள் என்று ஊரே கொண்டாடியது. ஜெயித்தாளாம்! கண்ணை மூடிக்கொண்டு விட்ட கல் மாங்காயில் பட்டது. புருஷன் பேரைக் கூசாமல் சொல்லும் ஒருத்தி நாளைக்கு வந்து நின்றால் என்ன செய்வாளாம்? கேட்டேன், சண்டைக்கு வந்தார்கள்.

எனக்கு நூல் வாங்க வேண்டியிருந்தது, கடைக்குப் போய்விட்டேன்.