தொழில்: தாய்மாமன்

பாளையங்கோட்டையில் ஒரு சவரத்தை முழுசாக முடித்துக்கொள்ளாத ஒரே மனிதர் சக்கரக்கால் அண்ணாச்சிதான். ஒரு கன்னம் மழித்ததும் ஏதோ ஞாபகம் வந்துவிடும். சோப்பு நுரையோடு வள்ளியூர் பஸ் ஏறிவிடுவார்.

வேலை? மாவு மில்லில் மூன்று நாள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்க ஒன்றரை நாள். "உக்காந்தா முதுகுல எறும்பு ஊருதுவே" என்பார். கல்யாணமும் இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வருவதற்குள் இவர் தாழையூத்து தாண்டியிருந்தார். அது தனிக் கதை.

அவருடைய அக்கா மகள் செல்வி தகப்பனில்லாத பிள்ளை. தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தங்க, சாப்பிட ஆகும் செலவுக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் விசாவாம். காதுகுத்துக்கு அவளை மடியில் வைத்திருந்த மாமன் விடுவாரா?

டைப்பிங் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். எனக்குக் கையெழுத்தே தகராறு. டீக்கடைக்காரனுக்கு அங்கே என்ன வேலை? இருந்தாலும் போனேன்.

"அண்ணாச்சி, பொறுப்பு எடுக்கவர் தொழில் என்னன்னு கேட்டிருக்கான். என்ன போட?" என்றார் டைப் அடிப்பவர்.

"தாய்மாமன்னு போடும்."

"அது உறவுல்லா?"

"என்னவே உறவு! காதுகுத்து, சடங்கு, கல்யாணம்னு ஆயுசு பூரா பாக்குத வேலை. ஒருநா லீவு உண்டா? போடும்வே!"

போட்டார். மெட்ராஸ் விசா ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிப்பு தொடங்க ஒன்றரை மாதம்தான் இருந்தது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, வேலை இல்லாதவங்களும் பொறுப்பு எடுக்கலாமாம். ஆனா சம்பளம் இல்லன்னா, செலவுக்குப் பணம் எங்க இருக்குன்னு காட்டணுமாம்."

"அம்புட்டுதானா? அழாதட்டி."

அவருக்கு இருந்தது கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயல். குத்தகை நெல்தான் சோறு. பத்திர ஆபீஸ், பேங்க், மறுபடி பத்திர ஆபீஸ் என்று இரண்டு வாரம் காற்றாய் அலைந்தார்.

"வித்துட்டீயளா? சோத்துக்கு என்ன செய்வீய அண்ணாச்சி?" என்றேன்.

"மொதல்ல அவ போவட்டும்லே."

இந்த முறை தொழில் என்ற இடத்தில் 'வேலை இல்லை' என்றே அடிக்கச் சொன்னார். பேங்க் ரசீதும் பத்திர நகலும் கூடவே போயின. சம்பாதிக்காத மாமா எதற்கு இருந்ததையெல்லாம் உனக்குத் தருகிறார் என்று அதிகாரி கேட்டாராம். "எங்க ஊர்ல அப்படித்தான்" என்றாளாம் செல்வி. விசா கிடைத்தது.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தவர், மறுநாள் விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கடை வாசலில் நின்றார்.

"லே, எனக்கு ஒரு வேலை குடு."

"உங்களுக்கா?"

"அங்க யாராவது, ஒங்க மாமா என்ன செய்யுதாருன்னு கேட்டா பிள்ளை முழிக்கக் கூடாதுல்லா."

கிளாஸ் கழுவ விட்டேன். மத்தியானத்துக்குள் பதினொன்றை உடைத்தார். சாயங்காலம் ஒரு டஜன் புதிதாக வாங்கி வந்து, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் பைய வைத்தேன்.